சிரட்டையில் எருக்கம்பால்

கச்சேரிச் செய்தி எழுதப் புதிதாக வருகிறவர்கள் மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் பழகியவர்கள் வக்கீலைப் பார்ப்பார்கள். நீங்கள் குமாஸ்தாவின் பேனாவைப் பாருங்கள். அது எந்த இடத்தில் எழுதாமல் நிற்கிறது என்று பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உத்தமபாளையம் கச்சேரியில் ஒரு பகல் பொழுதில் நானே பார்த்தேன். வருஷங்கள் பல ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

மலைமேல் பேரியாற்றில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கப் போகிறது என்று எல்லாரும் பேசினார்கள். இறங்கியபாடில்லை. மழையும் பொய்த்துவிட்டது. தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே வண்டியிலும் கால்நடையாகவும் அலைந்து செய்தி சேர்த்து, மதுரையில் இருந்த பத்திரிகைக்குத் தபாலில் அனுப்புவது என் வேலை. அந்த வருஷம் ஆற்றங்கரை வயல்களைவிட்டு விலகினால் கண்ணுக்குப் பச்சையாகப் பட்டது எருக்கு ஒன்றுதான்.

எருக்கை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். மற்றச் செடி சாகிற இடத்தில் அது தழைக்கும். மணலிலும் பொட்டலிலும் இடிந்த மதிலடியிலும் முளைக்கும். வேரைக் கீழே வெகுதூரம் விட்டுவிடுவதால் கோடை அதை ஒன்றும் செய்யாது. காய் வெடித்தால் பஞ்சு பறந்து, விழுந்த இடத்தில் இன்னொரு செடி. யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை. மாடு அதில் வாய் வைக்காது. பசியில் ஒரு கடி கடித்த மாடுகூட அதைத் துப்பிவிட்டு நகர்ந்துவிடும்.

ஆனால் மனிதர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. குதிகால் வலித்தால் செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலையைப் போட்டு மிதிப்பார்கள். மூட்டு வீங்கினால் பழுத்த இலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டுவார்கள். முள் குத்திய இடத்தில் பாலை வைப்பார்கள். பட்டையை உரித்து நார் எடுத்து மீன்பிடி கயிறு திரிப்பார்கள். வெள்ளெருக்குப் பூ பிள்ளையாருக்குப் போகும். நடவுக்கு முன்னால் வண்டி வண்டியாக வெட்டிச் சேற்றில் மிதித்தால் வயலுக்கு உரம். பதப்படுத்தும் தோலிலிருந்து மயிரைக் கழற்றுவதற்கும் எருக்கம்பால்தான்.

அதே பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். வாய்க்குள் போனால் வாய் வெந்து கொப்பளிக்கும், குடல் புண்ணாகும். பிறந்த சிசுவின் நாக்கில் அதைத் தொட்டு வைத்த வீடுகளைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வீடுகளில் ஒன்றுகூட கச்சேரிப் படி ஏறியதில்லை. ஏறியது மார்க்கையன்கோட்டைக் கருப்பனின் வீடு.

கருப்பன் தோல் வேலை செய்கிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். ஊரில் மாடு செத்தால் அப்புறப்படுத்துவது அவர் வேலை. தோல் அவருக்கு. அதற்குப் பதிலாக, மாடு கட்டி நீர் இறைக்கிற கமலைக் கிணறுகளுக்குத் தோல்பை தைத்துக் கொடுக்கவேண்டும், கிழிந்தால் ஒட்டுப்போட வேண்டும், ஊரார் காலுக்குச் செருப்பும் அவர் கொடுக்கவேண்டும். ஊர் ஏற்படுத்திய வழக்கம் இது. அந்த வருஷங்களில் தோலுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளிலிருந்து ஆட்கள் கிராமம் கிராமமாக வந்தார்கள். அதோடு ஒரு சந்தேகமும் கிராமம் கிராமமாக வந்தது. மாடு எங்கே செத்தாலும், தோலுக்காக விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு.

அந்த ஊரில் பெரியவீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வது அவர்தான். பிறத்தியார் பயிரில் மாட்டை விட்டவனுக்கு அபராதம் போடுவதில் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். ஒருநாள் காலையில் அவருடைய மாடுகள் நான்கு செத்தன. முதல் மாடு ஆற்றுக்குப் போகும் வழியிலேயே விழுந்தது. வழக்கப்படி கருப்பனுக்கு ஆள் போயிற்று. அவரும் மனைவி வீராயியும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். உச்சிப்பொழுதுக்குள் தொழுவத்தில் இன்னும் மூன்று விழுந்தன. அந்த மூன்றையும் தோல்கூட உரிக்க விடாமல் பெரியவீட்டுக்காரர் ஆட்களை வைத்துக் குழிதோண்டிப் புதைத்துவிட்டார். பிறகுதான் விஷம் என்றார். கிராம முன்சீப் அவருக்கு மைத்துனர். போலீஸ் வந்தது. கருப்பன் குடிசையில் ஒரு பச்சைத்தோலும் ஒரு சிரட்டையில் எருக்கம்பாலும் அகப்பட்டன. அவ்வளவுதான் வழக்கு.

நான் மார்க்கையன்கோட்டைக்குப் போனபோது கருப்பனைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வீராயி குடிசை வாசலில் உட்கார்ந்து ஒரு செருப்புக்கு வார் வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தொற்றிக்கொண்டிருந்தது. நான் இன்னார் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பேப்பர்ல எழுதுறவுகளா? எங்க தெருவுக்குள்ள வந்துட்டீகளே, தலைக்கு ஊத்தாம உங்க வீட்டுல உள்ள விடுவாகளா?”

விடமாட்டார்கள் என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு ஒளிக்காமல் பேசினார். மாட்டை அறுத்தபோது வயிறு நிறையப் பச்சைச் சோளம் கிடந்தது என்றார். வாய் வேகவில்லை, கொப்புளம் இல்லை, கழிச்சல் இல்லை. எருக்கம்பால் உள்ளே போன மாடு நாள் கணக்கில் எச்சில் வடித்து, கழிந்து, மெலிந்துதான் சாகும். காலையில் மேய்ந்துவிட்டு உச்சிக்குள் சாகாது. பிறகு, கேட்காமலே, அன்றைக்கு அந்த மாட்டுக் கறியைத்தான் வீட்டில் சமைத்தோம் என்றும் சொன்னார். சோறு வடித்தேன் என்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குக் கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிக்கொண்டேன்.

மழையில்லாமல் வாடிக் குறுகி நிற்கிற இளஞ்சோளத்தை வயிறுமுட்ட மேய்ந்த மாடு அன்றைக்கே செத்து விழும். பள்ளத்தாக்கில் மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அந்த வருஷம் பெரியவீட்டுக்காரர் சோளம் விதைக்கவே இல்லை. அப்படியானால் அது யாருடைய சோளம்? ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு காணி நிலத்தில்தான் இளஞ்சோளம் நின்றது. போய்ப் பார்த்தேன். வேலி ஒரு இடத்தில் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பயிர் பாதிக்கு மேல் கடிபட்டிருந்தது. வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் பதிந்த குளம்புத் தடங்கள் அப்படியே காய்ந்திருந்தன. நிலத்துக்காரர் வரப்பில் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு வந்ததா என்று கேட்டேன்.

“வந்துச்சுன்னு சொல்லிட்டு நான் இங்கன குடியிருக்க முடியுமாய்யா? அவுக வாய்க்கால்லதான எனக்குத் தண்ணி.”

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தீவனம் இல்லாத வருஷத்தில் விடியுமுன் பிறத்தியார் பயிரில் மாட்டை விட்டது, அப்படி விட்டவர்களுக்கு அபராதம் போடுகிறவரே. வயிற்றை யாரும் திறந்து பார்க்கக்கூடாது என்றுதான் மூன்று மாடுகளும் குழிக்குள் போயின. ஒன்று மட்டும் அதற்கு முன்பே கருப்பன் வீட்டுக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பம் அதைப் பார்த்துவிட்டது. பார்த்தவர் பேசினால் எடுபடாமல் செய்ய ஒரே வழி, அவரையே குற்றவாளி ஆக்குவது.

சிரட்டையைச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். அதில் இருப்பது எருக்கம்பால் என்று பதில் வந்தது. மார்க்கையன்கோட்டையில் ஆடு மேய்க்கிற எவரும் முகர்ந்துபார்த்தே அதைச் சொல்லியிருப்பார்கள். புதைத்த மாட்டின் வயிற்றை மட்டும் யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. குழியைத் தோண்டலாம் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கருப்பனுக்காக உத்தமபாளையம் வக்கீல் ஒருவர் இரக்கப்பட்டு ஆஜரானார். கெட்டவர் அல்ல. விசாரணைக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போய், நான் கண்டதையும் கேட்டதையும் எல்லாம் சொன்னேன். சோளத்தைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீராயி அதை எப்படிப் பார்த்தார் என்றார். அறுத்தபோது பார்த்தார் என்றேன். அந்தக் கறியைத் தின்றிருக்கிறார்கள், பெண் குழந்தைக்கும் ஊட்டியிருக்கிறார்கள், இந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டால் போதும், விஷம் என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடும் என்றேன். அவர் வெற்றிலைச் செல்லத்தை மூடி அப்பால் தள்ளிவைத்தார்.

“அந்தக் கேள்வியை என் வாயால் கேட்கமாட்டேன், ஐயா. நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற இடம்.”

நான் மன்றாடினேன். வேறு விதமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த வேறு விதம் என்ன என்று மறுநாள் தெரிந்தது. கருப்பன் நல்ல நடத்தை உள்ளவர் என்று இரண்டு பேரைச் சொல்ல வைத்தார்.

விசாரணையன்று பெரியவீட்டுக்காரர் நின்று சாட்சி சொல்லவில்லை. முழங்கால் வீக்கம் என்று சொல்லி, அனுமதி பெற்று நாற்காலியில் உட்கார்ந்தார். எருக்கின் கொடுமையைப் பற்றி நன்றாகப் பேசினார். அது படுவிஷம், அதை வீட்டில் வைத்திருப்பவனுக்கு நல்ல எண்ணம் இருக்காது என்றார். நான் முன்வரிசைக்குப் பக்கத்தில் இருந்தேன். வேட்டி கொஞ்சம் விலகியபோது முழங்காலில் கட்டியிருந்த துணி தெரிந்தது. துணிக்குள்ளிருந்து பழுத்த எருக்கிலையின் ஓரம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கெண்ணெய் மினுக்கம்கூடத் தெரிந்தது. எதிரே மேஜைமேல் சிரட்டை இருந்தது. இரண்டுக்கும் நடுவே இரு கை விரித்த தூரம். கச்சேரியில் இருந்த எல்லாருக்கும் கண் இருந்தது.

வீராயியைக் கூண்டில் ஏற்றினார்கள். கூண்டில் என்றால் கூண்டுக்கு வெளியே, தள்ளி, தரையில். வக்கீல் அவரிடம் புருஷனுக்குப் பெரியவீட்டாரோடு பகை உண்டா என்று கேட்டார். இல்லை என்றார். சிரட்டையில் இருந்தது எதற்கு என்று கேட்டார். தோலிலிருந்து மயிர் கழற்ற, அவர்கள் கிணற்றுக்குத் தைக்கிற பைக்குத்தான் என்றார். சரி, போகலாம் என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வீராயி போகவில்லை. கொஞ்ச நேரம் வக்கீலைப் பார்த்தார், பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார்.

“எசமான், விசம் வச்ச மாடுங்கிறாக. அந்த மாட்டுக் கறியத்தான் அன்னிக்கு ஆக்குனேன். எம் மக வாயில நான்தான் ஊட்டுனேன். விசம் வச்சவ பெத்த புள்ளைக்கு ஊட்டுவாளா? வயிறு பூராம் பச்சச் சோளம் கெடந்துச்சு, அது யாரு வீட்டுச் சோளம்னு கேளுங்க எசமான்.”

நான் சொன்னேனே, அந்தப் பேனா. ‘மாட்டுக் கறி’ என்ற சொல் வந்ததுமே அது காகிதத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே எழும்பிவிட்டது. குமாஸ்தா மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் அங்கவஸ்திரத்தின் முனையை மூக்கருகே கொண்டுபோயிருந்தார். போதும், இதெல்லாம் இங்கே வேண்டாம், எழுதாதே என்றார். பின்னால் யாரோ தூ என்றார்கள். பேனா இறங்கவில்லை. ஒரு மனிதரைச் சிறையிலிருந்து காப்பாற்றக்கூடிய சாட்சியம் முழுவதும் அந்த ஒரு விரற்கடை இடைவெளியில் போய்விட்டது. அது பொய் என்று யாரும் சொல்லவில்லை. அசுத்தம் என்றார்கள். செத்த மாட்டைத் தூக்கிப் போவது அவர்கள் கடமை என்று சட்டம்போல் விதித்த ஊர்தான், அதற்குப்பின் அந்த மாட்டைப் பற்றி அவர்கள் வாய் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டது.

கருப்பனுக்கு ஒரு வருஷம் கடுங்காவல்.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். வீராயி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். முழங்காலில் இருந்த இலையையும் எழுதினேன். பத்திரிகை வந்தது. பிரித்துப் பார்த்தேன். ‘கால்நடைகளுக்கு விஷம் வைத்தவனுக்குத் தண்டனை’ என்று தலைப்பு. கீழே, எருக்கம்பால் அகப்பட்டது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள், தீர்ப்பு ஆயிற்று. வேறு எதுவும் இல்லை.

மதுரைக்குப் போனேன். என் கட்டுரைகளைத் திருத்துகிற உபபத்திராதிபரிடம்தான் எனக்குத் தெரிந்த தொழில் முழுவதையும் கற்றுக்கொண்டேன். வதந்தியைச் செய்தி ஆக்காதே, காணாததைக் கண்டதாக எழுதாதே என்று சொல்லிக் கொடுத்தவர். என் காகிதத்தை எடுத்து வைத்திருந்தார். சிவப்பு மையில் வீராயியின் பேச்சு முழுதும் அடிபட்டிருந்தது. இதில் பொய் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

“நம்முடைய பத்திரிகையை வீட்டில் பெண்டுகள் படிக்கிறார்கள். சாப்பிட உட்காருகிற நேரத்தில் இதைப் படித்தால் என்ன ஆகும்?”

கறியை விட்டுவிடுங்கள், சோளத்தையாவது போட்டிருக்கலாமே என்றேன். வயிற்றுக்குள் இருந்த சோளத்தை அவள் எப்படிக் கண்டாள் என்று எழுதாமல் சோளத்தை எப்படி எழுதுவது என்று திருப்பிக் கேட்டார். தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்விதான். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தது. எழுதவேண்டும் என்பதுதான் என் பதில். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

அப்பீலும் நிற்கவில்லை. மேலே உள்ளவர்கள் கீழிருந்து வந்த காகிதத்தைத்தான் படிப்பார்கள். காகிதத்தில் சோளம் இல்லை, குழந்தை இல்லை, முழங்கால் இல்லை. சிரட்டை இருந்தது. எங்கள் செய்தி வேறு வெளிவந்துவிட்டதா, அதைப் படித்த பக்கத்து ஊர்களில் எங்கே மாடு செத்தாலும் முதலில் தோல் வேலைக்காரர் குடிசைக்குள் நுழைந்து சிரட்டையைத் தேட ஆரம்பித்தார்கள். தேடினால் கிடைக்காமல் இருக்குமா? அந்தத் தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது.

உங்களிடம் இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பயத்தால் விட்டுப்போகிற செய்தியை நீங்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவீர்கள். யார் மிரட்டினார்கள், யாருக்கு வேண்டியவர் என்று ஊரே சொல்லும். அருவருப்பால் விட்டுப்போகிற செய்தியை யாரும் சொல்லமாட்டார்கள். விட்டவருக்கே தான் விட்டது தெரியாது. சுத்தமாக இருந்ததாகவே நினைத்துக்கொள்வார்.

கருப்பன் சிறையில் இருக்கும்போதே கோடை பிறந்தது. கமலை இறைப்பு மும்முரமாக நடக்கிற நேரம். பெரியவீட்டுக் கிணற்றில் தோல்பை கிழிந்துவிட்டது. பழைய ஒட்டுகள் எல்லாம் கருப்பன் போட்டவை. வேறு ஊரிலிருந்து ஆள் வரச் சம்மதிக்கவில்லை. எருக்கம்பால் இல்லாமல் தோல் வேலை கிடையாது, அந்த ஊரில் எருக்கம்பால் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நான் அந்த வாரம் வேறு வேலையாக மார்க்கையன்கோட்டையில் இருந்தேன். பெரியவீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் தாமே வந்தார். உள்ளே வரவில்லை. தூரத்தில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

“ஏலே, யாரு அங்கன? வீராயி, இந்தா ஆத்தா, பையி கிழிஞ்சு போச்சு. பயிரு காயுது. உனக்கும் தைக்கத் தெரியும்னு சொன்னாக.”

வீராயி எழுந்திருக்கவில்லை. குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

“தச்சுத் தாரேன் சாமி. புதுத் தோலு போடணும். மயிரு கழட்ட எருக்கம்பாலு வேணும். எங் குடிசையில இருந்தா அது விசம்னு புடிச்சுக்கிட்டுப் போயிருவாக. உங்க வீட்டுலயே கறந்து, உங்க வீட்டுலயே வச்சிருந்து, வேணும்போது குடுத்துவிடுங்க.”

பெரியவீட்டுக்காரரின் முகம் எப்படிப் போயிற்று என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து முகம் தெரியவில்லை. கைத்தடி மண்ணில் இரண்டு தரம் குத்தியது தெரிந்தது. திரும்பிப் போனார். பயிர் காய்ந்துகொண்டிருந்ததால் வேறு வழியும் இல்லை. மறுநாள் காலையில் அவருடைய ஆட்கள் ஓடைக்கரையில் எருக்குத் தண்டுகளை ஒடித்துச் சொட்டுச்சொட்டாகப் பால் சேர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சாயங்காலம் அந்த வழியாகப் போனபோது தொழுவத்தையும் எட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. தீவனக் காடிக்குப் பக்கத்துச் சுவரில், மாட்டின் வாய்க்கு எட்டுகிற மாடத்தில், ஒரு சிரட்டை நிறைய எருக்கம்பால் இருந்தது.

உத்தமபாளையம் திரும்பியதும் ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். ‘மார்க்கையன்கோட்டையில் பெரியவீட்டார் தொழுவத்தில், மாடுகள் தின்னும் காடிக்கு அருகில், ஒரு சிரட்டை எருக்கம்பால் வைக்கப்பட்டிருப்பதை நமது நிருபர் நேரில் கண்டார். இவ்வூரில் சென்ற வருஷம் எருக்கம்பால் வைத்திருந்த ஒருவர் ஒரு வருஷக் கடுங்காவலில் இருக்கிறார் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.’ அவ்வளவுதான் எழுதினேன்.

உபபத்திராதிபர் அதை உள்ளபடியே போட்டார். ஏன் போட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் காலத்தில் நான் அனுப்பிய செய்திகளில் ஒரு எழுத்துக்கூட அடிபடாமல் வந்தது அது ஒன்றுதான். அதில் சாப்பிட உட்காருகிறவர்கள் முகம் சுளிக்கும்படி ஒன்றும் இல்லை.

எந்தப் போலீஸ்காரரும் அந்தத் தொழுவத்துக்குப் போகவில்லை. வீராயி பையைத் தைத்துக் கொடுத்தார். கருப்பன் தண்டனையின் கடைசி நாள் வரைக்கும் உள்ளே இருந்துவிட்டுத்தான் வந்தார்.